இரண்டே முக்கால்

டுலூத்தில், ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும் அந்த வீட்டை
உண்மையில் நாங்கள் பார்க்கவே இல்லை.
சாய்ந்த முகப்பு, நிலவறையில் ஈர வாடை,
சாத்தினால் சாத்தியபடி நிற்காத கழிப்பறைக் கதவு.
நாங்கள் பார்த்தது அதன் கடனை.
இரண்டே முக்கால் வட்டி.
ஊரிலுள்ள வங்கிகள் எல்லாம் அன்றைக்கு
ஏழே கால் சொல்லிக்கொண்டிருந்தன,
கூசாமல்.

"விலையைப் பேசலாம். கடன் அப்படியே கூட வரும்"
என்றார் ஓஸ்டர்கார்ட்,
வளர்த்த நாயோடு வீட்டை விற்கிறவர் மாதிரி.

கடன் வந்த கதையை அடுப்பருகே நின்று சொன்னார்.
எல்லாரும் கதவடைத்துக் கிடந்த காலம்.
கையெழுத்துப் போட்டது ஒரு வாகன நிறுத்தத்தில்.
கார்க் கண்ணாடியை நாலு விரல் இறக்க,
கையுறை போட்ட ஒருவன் பத்திரங்களை நீட்டினானாம்.
பக்கத்து இருக்கையில் லோர்னா; அவள் மடிதான் மேசை.
பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்
என்றானாம், தொட்டதையெல்லாம் பயந்த நாள்.
"உலகம் நடுங்கியது, வட்டி இறங்கியது.
நாங்கள் வாங்கிப் போட்டோம்."
லோர்னா எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.
குளியலறைக் கோப்பையில்
ஒரே ஒரு பல்துலக்கி இருந்தது.

செப்டம்பரில் மனுப் போட்டோம்.
என் சம்பளச் சீட்டை வங்கி மூன்று முறை கேட்டது,
மூன்று முறையும் தொலைத்தது.
புதுக் கடனை மூன்று வாரத்தில் நீட்டுகிறவர்கள்
பழைய கடனைக் கை மாற்ற
பனிக்காலம் முழுக்க யோசித்தார்கள்.
நான் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவள்.
ஒரு காற்றாலை இறக்கையைக் கப்பலிலிருந்து கரைக்கு வைக்க
எனக்கு அரை மணி போதும்.
ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு
காகிதப் பளு ஒன்றை இறக்க
ஏழு மாதம்.

நடுவில் அந்தப் பள்ளம் வேறு.
வீட்டின் விலைக்கும் மிச்சக் கடனுக்கும் இடையே
எண்பத்தாறாயிரம் டாலர்.
சேமிப்பைக் கொட்டினோம்,
இவாரின் படகை விற்றுக் கொட்டினோம்,
அடி தெரியவில்லை.
மீதிக்கு இரண்டாவதாய் ஒரு கடன், ஒன்பதரை வட்டி.
ஆக, ஒரே கூரையடியில் இரண்டு:
மூத்தது அடுப்போரம் தூங்கும் கிழப் பூனை,
இளையது ராத்திரியெல்லாம் குரைக்கும்.
"எல்லாம் போக மாதம் முந்நூற்றுப் பதினொன்று மிச்சம்"
என்றான் இவார்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தான்,
அது மனசு மாறிவிடாதபடி.

ஏப்ரலில் ஏரிப் பனி உடைகிற சத்தம் கேட்ட வாரம்
கூப்பிட்டார்கள்.
ஓஸ்டர்கார்ட் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.
அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்:
நாங்கள் கட்டாமல் போனால்
அவர் கதவை யாரும் தட்ட முடியாது என்கிற தாள்.
அதற்காக நான் கோபப்படவில்லை;
அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.
வந்தது. ஒரு முறை படித்தார்.
இன்னொரு முறை.
மூன்றாம் முறை விரல் வைத்து.
அவர் பெயர் நீங்கியிருந்தது.
அதற்குக் கீழே இருந்த பெயரும்.
அதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.
ஜன்னல் பக்கம் திரும்பி,
"சாலையில் உப்புப் போட்டிருக்கிறார்களா?" என்றார்
யாரிடமோ.

மே முதல் தேதி முதல் தவணை கட்டினேன்.
ரசீது வந்தது:
நன்றி, திரு. ஓஸ்டர்கார்ட்.
வங்கிக்குப் போன் செய்தேன்,
நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள்.
ஜூனிலும் அவருக்கே நன்றி.

இதை அவருக்கு அனுப்பிவிடலாமா என்றான் இவார்.
முகவரி இருக்கிறது, தபால்தலைகூட இருக்கிறது.
இரண்டு ரசீதும் இப்போதைக்குக்
குளிர்பெட்டிக் கதவில்.
இன்னும் இருபத்தாறு ஆண்டு.
கழிப்பறைக் கதவுக்கு
ஒரு மரத்துண்டு செருகியிருக்கிறோம்.